ஸ்காட்லாந்தின் பழைய கொலை வழக்கு ஒன்றை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி

ஸ்காட்லாந்துக் குற்ற வரலாற்றை எழுத நினைப்பவர்களில் பலர் முதலில் போய் நிற்பது ஓல்டு பெய்லியின் இணையத் தொகுப்பில். அங்கே தேடுவது கிடைக்காது. அது லண்டன் நீதிமன்றம். 1707-ல் இரண்டு நாடுகளும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தபோதும் ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் விட்டுக்கொடுக்கவில்லை. கொலை போன்ற பெரிய குற்றங்களை விசாரிக்கும் ஹை கோர்ட் ஆஃப் ஜஸ்டிஷியரி 1672-ல் அமைந்தது, இன்றும் இயங்குகிறது. எந்தக் காகிதம் உருவானது, யார் எழுதியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் இங்கிலாந்து வழக்கத்திலிருந்து வேறு. அதனால் வழக்கின் கதையைத் தேடும் முன் வழக்கின் நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள். நடைமுறை தெரிந்தால் காகிதம் எங்கே இருக்கும் என்று ஊகித்துவிடலாம். தெரியாவிட்டால் பிற்கால நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதையே நீங்களும் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

யார் என்ன எழுதினார்கள்

கொலை நடந்ததும் களத்தில் இறங்குபவர் புரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்னும் அரசு வழக்குரைஞர். விசாரணையை நடத்துவது, சாட்சிகளை அழைத்துக் கேட்பது, பிணப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. பிடிபட்டவர் ஷெரிஃப் முன் நிறுத்தப்படுவார். ஷெரிஃப் என்றதும் கௌபாய் படத்துத் துப்பாக்கிக்காரர் நினைவுக்கு வந்தால் அவரை உடனே அனுப்பிவிடுங்கள். இங்கே ஷெரிஃப் என்பவர் மாவட்ட நீதிபதி. சேர்ந்த காகிதங்கள் எடின்பரோவிலுள்ள கிரவுன் அலுவலகத்துக்குப் போகும். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்குரைஞரான லார்டு அட்வகேட்டின் பெயரில் அங்கே முடிவாகும். பிறகு குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு.

சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனர் என்று ஒருவர் ஸ்காட்லாந்தில் இல்லை. இதை மறந்து 'கொரோனர் விசாரணையில் தெரியவந்தது' என்று எழுதிவிட்டால் விஷயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். இங்கிலாந்தில் கொரோனர் விசாரணை பொதுவில் நடக்கும். பத்திரிகைகள் வரிக்கு வரி வெளியிடும். ஸ்காட்லாந்தில் ஃபிஸ்கல் கதவை மூடிக்கொண்டு கேட்டார். ஆகவே வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்வரை செய்தித்தாள்களுக்குத் தெருப்பேச்சுதான் தீனி. கைதுக்கும் விசாரணைக்கும் இடையே வந்த செய்திகளைச் சான்றாக எடுப்பதில் ஸ்காட்லாந்து வழக்குகளில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவைப்படுவது இதனால்தான்.

ஜூரியில் பதினைந்து பேர். தீர்ப்புக்கு ஒருமித்த முடிவு வேண்டியதில்லை. பழைய வழக்குகளில் எட்டுப் பேர் சொன்னால் போதும். தீர்ப்பு மூன்று வகையாக இருந்தது: குற்றவாளி, குற்றவாளி அல்ல, நிரூபிக்கப்படவில்லை. மூன்றாவதும் விடுதலைதான், ஆனால் கறையோடு வந்த விடுதலை. 2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதை நீக்கியது; பழைய வழக்குகளை எழுதுபவருக்கு அது என்றும் தேவைப்படும். 'நிரூபிக்கப்படவில்லை' என்ற தீர்ப்பைச் சுருக்கி 'விடுதலையானார்' என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

இன்னொரு விதி: குற்றத்தின் அடிப்படைக் கூறு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான இரண்டு இடங்களிலிருந்து சான்று வேண்டும். ஒரே ஒரு சாட்சியின் சொல்லை வைத்துத் தண்டிக்க முடியாது. பிணப் பரிசோதனை அறிக்கையில் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்து இருப்பதும், காவலர்கள் இருவர் இருவராகச் சாட்சி சொல்வதும் இதற்காகவே. சாட்சிப் பட்டியலில் முக்கியமற்றவர் போலத் தோன்றும் ஒருவரைத் தள்ளிவிடும் முன், அவர் எந்தக் கூற்றுக்கு இரண்டாவது ஆள் என்று பாருங்கள்.

குற்றப் பெயர்களிலும் கவனம் தேவை. 2024 வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 'கல்பபிள் ஹோமிசைடு' என்பது அகலமான வகை, அதன் கடுமையான பகுதி கொலை. ஸ்காட்லாந்தில் அதே தொடர் கொலையைவிடக் குறைந்த, தனியான குற்றம். வேண்டுமென்று தீ வைத்தல், வீடு உடைத்துத் திருடுதல், திருட்டுப் பொருளை வாங்குதல் ஆகியவற்றுக்கும் அங்கே தனிப் பெயர்கள் உண்டு. ஆவணத்தில் உள்ள பெயரை முதலில் அப்படியே குறித்துக்கொண்டு, ஒரு வரி விளக்கத்தோடு தமிழில் சொல்லுங்கள்.

வழக்கைத் தேர்ந்தெடுப்பது

புதியவருக்கு ஏற்ற காலம் 1820 முதல் 1900 வரை. சாட்சி வாக்குமூலங்கள் கணிசமாகத் தப்பியிருக்கின்றன, எழுத்து வாசிக்கக்கூடியது, செய்தித்தாள்கள் உண்டு, 1841-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டுக்குப் போனால் கையெழுத்தைப் படிக்கவே பயிற்சி வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் வேறு தடை: பல தொடர்களில் கோப்புகள் 75 அல்லது 100 ஆண்டுகள் மூடப்பட்டிருக்கும்.

புகழ்பெற்ற வழக்கா, யாரும் எழுதாத வழக்கா? பிணங்களை உடற்கூறு ஆசிரியருக்கு விற்பதற்காக எடின்பரோவில் ஆட்களைக் கொன்ற பர்க், ஹேர் வழக்கைப் பற்றி ஒரு அலமாரி நிறைய நூல்கள் இருக்கின்றன. அதில் புதிதாக ஏதேனும் சொல்ல, முந்தைய நூல்கள் ஒவ்வொன்றும் எதை எங்கிருந்து எடுத்தது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். யாரும் தொடாத வழக்கில் காகிதம் குறைவாக இருக்கலாம், ஆனால் கிடைப்பதெல்லாம் புதிது. முதல் முயற்சிக்கு இரண்டாவதே நல்லது. 1889 மார்ச் 11 அன்று கால்டன் சிறையில் தூக்கிலிடப்பட்ட எடின்பரோவின் ஜெஸ்ஸி கிங் வழக்கைப் போல, ஓரளவு தெரிந்த, ஆனால் முழுதும் தோண்டப்படாத வழக்குகளும் நடுவழியாக இருக்கின்றன.

ஆவணக் காப்பகத்தில்

முதன்மை இடம் எடின்பரோவின் பிரின்சஸ் தெரு முனையில் உள்ள ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ். நேஷனல் ரெகார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து என்னும் அமைப்பு இருக்கும் இடம் அது. 2011-ல் தேசிய ஆவணக் காப்பகமும் பதிவாளர் அலுவலகமும் இணைந்து உருவானது. பழைய நூல்களின் அடிக்குறிப்பில் 'ஸ்காட்டிஷ் ரெகார்ட் ஆபீஸ்' என்று கண்டால் அதுவும் இதுவே. அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்தபடியே வேலையின் முதல் கட்டத்தை முடித்துவிடலாம்.

தேட வேண்டிய தொடர்கள் நான்கு வகை. ஏடி14 என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாட்சி வாக்குமூலக் கோப்புகள். 1900-க்குப் பிறகு ஏடி15. குறியீட்டின் நடுப்பகுதி ஆண்டைக் காட்டும்: ஏடி14/57 என்று தொடங்கினால் 1857. ஜேசி26 என்பது ஹை கோர்ட்டின் வழக்குக் கட்டுகள்: குற்றப்பத்திரிகை, சாட்சிப் பட்டியல், சான்றுப் பொருள் பட்டியல், குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம், சில வேளைகளில் சான்றுப் பொருட்களே. நீதிமன்றம் எடின்பரோவில் மட்டும் உட்காரவில்லை; வடக்கு, தெற்கு, மேற்கு என்று சுற்றில் போனது. அபர்டீன் வழக்கானால் வடக்குச் சுற்றின் குறிப்பேட்டில், அதாவது ஜேசி11-ல் பாருங்கள். தெற்குக்கு ஜேசி12, மேற்குக்கு ஜேசி13. சிறைப் பதிவேடுகள் எச்எச்21-ல்.

பெயரைக் கொண்டு தேடும்போது எழுத்துப் பேதங்களை எல்லாம் முயன்று பாருங்கள். 'மெக்' என்று தொடங்கும் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில் எம் எழுத்தும் மேற்கோள் குறியும் மட்டும்கூட இருக்கும். திருமணமான பெண்ணை ஸ்காட்லாந்துச் சட்ட ஆவணம் பிறந்த வீட்டுப் பெயராலேயே அழைத்து, 'அல்லது' போட்டுக் கணவன் குடும்பப் பெயரைச் சேர்க்கும். மேரி ஸ்மித் அல்லது பிரௌன் என்று கண்டால் அவள் புனைபெயரில் திரிந்தவள் என்று பொருளல்ல, கல்யாணமானவள், அவ்வளவுதான். இதைத் தவறாகப் படித்து அப்பாவிப் பெண்களை மோசடிக்காரிகளாக்கிய எழுத்துகள் இல்லாமலில்லை.

பல கட்டுகள் நகரத்தின் மறுமுனையில் உள்ள சேமிப்புக் கிடங்கில் இருக்கும். முன்கூட்டியே கேட்டு வைக்காமல் நேரில் போனால் நாள் வீண். நேரில் போக முடியாதவர்கள் நகலுக்கு விலைக்குறிப்பு கேட்டு எழுதலாம். கட்டு முழுவதையும் கேட்டால் தொகை எகிறும். முதலில் குற்றப்பத்திரிகையையும் இரண்டு பட்டியல்களையும் மட்டும் வாங்குங்கள். எந்த ஆவணங்கள் இருந்திருக்க வேண்டும் என்று பட்டியல் சொல்லிவிடும். பட்டியலில் இருந்து, கட்டில் இல்லாதது எதுவோ அதுவும் ஒரு தகவல்.

வாக்குமூலத்தை வாசிப்பது

ஏடி14-ல் கிடைக்கும் வாக்குமூலத்துக்குப் பெயர் பிரீகாக்னிஷன். புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. 'நான் அன்று மாலை ஏழு மணிக்குக் கதவருகே நின்றேன்' என்று தன்மையில் இருப்பதால் சாட்சியின் குரலே கேட்பதுபோல் இருக்கும். உண்மையில் அது சாட்சி சொன்னதைக் கேட்ட ஃபிஸ்கலோ அவரது எழுத்தரோ வழக்குக்கு வேண்டியபடி ஒழுங்குபடுத்தி எழுதியது. கேள்விகள் மறைந்துவிட்டன, பதில்கள் ஒரே மூச்சில் பேசியதாக ஒட்டப்பட்டுள்ளன. வட்டார வழக்கு செம்மொழியாகிவிட்டது. கேலிக் மொழி மட்டும் பேசுபவரானால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரும் உட்கார்ந்திருக்கிறார். வேறொருவரின் மனதில் வடிகட்டப்பட்டது என்பதாலேயே ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் இதைச் சாட்சியின் சொந்தச் சொல்லாக ஏற்பதில்லை; 1958-ல் மேல்முறையீட்டு வழக்கொன்றில் நீதிபதி இதைத் தெளிவாகவே சொன்னார்.

அப்படியானால் பயனில்லையா? நிறையப் பயன் உண்டு. விசாரணையில் கேட்கப்படாத சாட்சிகளும் இதில் பேசுகிறார்கள். வீட்டின் அறைகள், யார் எந்தக் கட்டிலில் படுத்தார்கள், அடகுக்குப் போன துணி எது, பால் எத்தனை மணிக்கு வந்தது எல்லாம் இங்கேதான். இரண்டு வேலைகள் செய்யுங்கள். ஒன்று: ஒவ்வொரு வாக்குமூலத்தின் தேதியையும் ஊரையும் தனியே எழுதி, தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒரே சாட்சியை இரண்டாம் முறை கேட்டிருந்தால், முதல் முறை சொல்லாத எதை இரண்டாம் முறை சொன்னார், இடையில் ஃபிஸ்கலுக்குப் புதிதாக எது தெரிந்தது என்று பாருங்கள். இரண்டு: அடுத்தடுத்த சாட்சிகளின் வாயில் ஒரே சொற்றொடர் வந்தால் அது எழுத்தரின் சொற்றொடர். அதை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் ஷெரிஃப் முன் கொடுத்த வாக்குமூலம் வேறு வகை. 1898-ல் சட்டம் மாறும்வரை அவர் தன் வழக்கில் தானே சாட்சி சொல்ல முடியாது. விசாரணை நடக்கும் நாட்கள் முழுதும் வாய் மூடி உட்கார்ந்திருப்பார். ஆகவே அந்தக் கால வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பாக மிஞ்சுவது கைதுக்குப் பின் எழுதப்பட்டு அவரும் கையெழுத்திட்ட அந்தச் சில பக்கங்களே. கையெழுத்தைக் கவனியுங்கள்: பெயர் எழுதினாரா, குறி போட்டாரா, எழுதத் தெரியாது என்று குறிப்பு இருக்கிறதா. அவரைப் பற்றிக் கிடைக்கும் நேரடித் தகவல்களில் இது ஒன்று.

வழக்கு விசாரணையில் பேசியதெல்லாம் நீதிமன்றக் குறிப்பேட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பேடு சாட்சிகளின் பெயர், ஆட்சேபணை, தீர்ப்பு, தண்டனை ஆகியவற்றோடு நின்றுவிடும். சாட்சி என்ன சொன்னார் என்பதற்குச் சுருக்கெழுத்தில் எடுத்து அச்சான அறிக்கை அல்லது செய்தித்தாள்தான் கதி. எடின்பரோவின் வில்லியம் ஹாட்ஜ் பதிப்பகம் 1905-ல் தொடங்கிய வழக்கு நூல் வரிசை சில முக்கிய வழக்குகளுக்கு முழு அறிக்கை தருகிறது.

காலவரிசை: எழுதும் முன் செய்ய வேண்டிய வேலை

ஒரு வரியும் எழுதும் முன் காலவரிசை போடுங்கள். அட்டவணையில் நான்கு நெடுவரிசை போதும்: தேதி, மணி, நடந்தது, சான்று. ஐந்தாவதாக 'முரண்' என்று ஒரு நெடுவரிசை வைத்தால் இன்னும் நல்லது.

இதன் பலத்தைக் காட்ட 1857-ன் மேடலின் ஸ்மித் வழக்கைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. கிளாஸ்கோவின் வசதியான குடும்பத்துப் பெண். காதலன் பியர் எமில் லாஞ்செலியே 1857 மார்ச் 23 அன்று ஆர்செனிக் விஷத்தால் இறந்தார். ஜூன் 30-ல் எடின்பரோவில் விசாரணை தொடங்கி ஜூலை 9-ல் தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டு மூன்று: பிப்ரவரியில் இரண்டு முறை விஷம் கொடுத்தது, மார்ச்சில் கொன்றது. ஜூரி முதல் குற்றச்சாட்டுக்கு 'குற்றவாளி அல்ல' என்றது. மற்ற இரண்டுக்கும் 'நிரூபிக்கப்படவில்லை' என்றது. ஏன் இந்த வேறுபாடு? காலவரிசை பதில் சொல்லும். முதல் உடல்நலக் குறைவு பிப்ரவரி 19 இரவு வாக்கில். மேடலின் ஆர்செனிக் வாங்கியதாக நிரூபிக்கப்பட்ட முதல் தேதி பிப்ரவரி 21. விஷம் கையில் வரும் முன் விஷம் கொடுத்திருக்க முடியாது. பத்தி பத்தியாக உளவியல் எழுதிய நூல்களைவிட இந்த இரண்டு தேதிகள் ஜூரியின் மனதை நன்றாகக் காட்டுகின்றன.

வாங்கிய தேதி நமக்குத் தெரிவதற்குக் காரணம் 1851-ன் ஆர்செனிக் விற்பனைச் சட்டம்: கடைக்காரர் பதிவேட்டில் வாங்குபவர் கையெழுத்திட வேண்டும், சிறு அளவில் விற்கும் ஆர்செனிக்கில் கரியோ நீலச் சாயமோ கலக்க வேண்டும். மேடலின் ஒரு கடையில் கரி கலந்ததும் இன்னொரு கடையில் நீலம் கலந்ததும் வாங்கினார். விஷ வழக்கு எதை எடுத்தாலும் அந்த ஆண்டில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது, அது எந்தப் பதிவேட்டை உண்டாக்கியது என்று கேளுங்கள். 1851-க்கு முந்தைய வழக்கில் அப்படியொரு பதிவேடு இருக்காது. எலி மருந்து கேட்டு வந்த பெண்ணைக் கடைக்காரர் நினைவில் வைத்திருந்தாரா என்பதே சான்று.

அதே வழக்கு கடிதங்களின் ஆபத்தையும் கற்றுத்தருகிறது. மேடலினின் கடிதங்களில் பெரும்பாலும் தேதி இல்லை, கிழமை மட்டும். உறையின் தபால் முத்திரையை வைத்துத்தான் தேதி கட்டினார்கள். கடிதமும் உறையும் சேர்ந்தே கைப்பற்றப்பட்டனவா, இடையில் மாறினவா என்ற கேள்வியைத் தற்காப்பு வழக்குரைஞர் ஜான் இங்லிஸ் விடாமல் பிடித்துக்கொண்டார். அச்சு நூலில் தேதியோடு வரும் கடிதத்தைக் கண்டால், அந்தத் தேதி எழுதியவர் போட்டதா, பதிப்பாசிரியர் ஊகித்ததா என்று பாருங்கள்.

மணிக் கணக்கில் இரண்டு பொறிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊருக்கு ஊர் சொந்த நேரம். கிளாஸ்கோ கடிகாரம் கிரீன்விச்சைவிடச் சுமார் 17 நிமிடம் பின்தங்கியிருந்தது. ரயில் நேரத்தையும் ஊர்க் கடிகாரத்தையும் கலந்து தடயம் கட்டினால் தவறும். மற்றொன்று வெளிச்சம். டிசம்பரில் கிளாஸ்கோவில் சூரியன் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும்; ஜூன் இரவில் வானம் முழுதாக இருட்டுவதே இல்லை. மாலை ஆறரை மணிக்கு இருட்டும் ஊரில் பிறந்த நமக்கு இது கைவசம் வராது. 1908 டிசம்பர் 21 இரவு ஏழு மணி வாக்கில் கிளாஸ்கோவின் மேற்குப் பகுதியில் மரியன் கில்கிறிஸ்ட் கொல்லப்பட்டபோது, ஓடிய மனிதனைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் பார்த்தது குளிர்கால இருட்டில். அடையாளம் காட்டிய சாட்சியத்தை எடைபோடும் எவரும் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

செய்தித்தாளும் தெருப்பாட்டும்

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் சந்தா வாங்கினால் கலிடோனியன் மெர்குரி, டண்டி கூரியர் போன்ற பல இதழ்கள் கிடைக்கும். 1817-ல் தொடங்கிய ஸ்காட்ஸ்மேனுக்குத் தனித் தொகுப்பு. ஒரே அறிக்கையைப் பத்து இதழ்கள் மறுபதிப்புச் செய்திருக்கும். அது பத்துச் சான்றல்ல, ஒன்று. முதலில் வெளியிட்டது எது என்று தேதியால் கண்டுபிடித்து அதை மட்டும் காட்டுங்கள். இயந்திரம் வாசித்த எழுத்தில் பிழைகள் மலியும், ஆகவே பெயர் சிக்காவிட்டால் தெருவின் பெயர், நீதிபதியின் பெயர், தொழில் என்று சுற்றிவளைத்துத் தேடுங்கள்.

தூக்குமேடையடியில் விற்ற ஒற்றைத் தாள்கள் ஏராளம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் 1650 முதல் 1910 வரையான சுமார் 1,800 தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 'கடைசிப் பேச்சும் மரண வாக்கும்' என்ற தலைப்போடு வரும் தாளை நம்பி அந்தப் பேச்சை மேற்கோள் காட்டாதீர்கள். கூட்டம் கலையும் முன் விற்க வேண்டியதால் பல தாள்கள் கழுத்தில் கயிறு விழும் முன்பே அச்சாகிவிட்டன. மக்கள் என்ன கேட்க விரும்பினார்கள் என்பதற்குத்தான் அவை சான்று. கூட்டத்தின் எண்ணிக்கையும் அப்படியே. 1865 ஜூலை 28-ல் கிளாஸ்கோவில் மருத்துவர் பிரிச்சர்டைத் தூக்கிலிட்டதே அந்நகரின் கடைசிப் பொதுத் தூக்கு. கூடியவர்கள் எண்பதாயிரம் என்றும் ஒரு லட்சம் என்றும் எழுதினார்கள், யாரும் எண்ணவில்லை. 'பத்திரிகைக் கணிப்பு' என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

எடின்பரோவின் தச்சரும் திருடனுமான டீக்கன் பிராடி தான் வடிவமைத்த தூக்குமேடையிலேயே 1788-ல் தொங்கினான் என்ற கதையும், தொண்டையில் குழாய் வைத்துத் தப்பினான் என்ற கதையும் இதே வகை. விடவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். கதை எப்போது முதலில் அச்சில் வருகிறது என்று தேதி கண்டுபிடித்தால் அதுவே ஒரு நல்ல பத்தி.

ஆட்களும் இடங்களும்

ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் 1855-லிருந்து பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும், அதற்கு முந்தைய திருச்சபைப் பதிவுகளும், 1841 முதல் 1921 வரையான கணக்கெடுப்பும் உண்டு. கிரெடிட் வாங்கிப் பார்க்க வேண்டும். கொலையுண்டவரின் இறப்புப் பதிவை எடுத்தால் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறதா பாருங்கள்: திருத்தப் பதிவேட்டுக்கு அது வழிகாட்டும். சந்தேக மரணத்தில் ஃபிஸ்கலின் விசாரணை முடிந்தபின் இறப்புக் காரணம் அங்கே மீண்டும் பதிவாகும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இடத்துக்குத் தேசிய நூலகத்தின் வரைபடத் தளம். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் நகர வரைபடங்களில் வீட்டின் பின்முற்றம், சந்து, கிணறு வரை தெரியும், இலவசம். தெருப் பெயரும் கதவு எண்ணும் மாறியிருப்பதால் இன்றைய வரைபடத்தை நம்பாமல், அந்தந்த ஆண்டின் தபால் அலுவலக முகவரிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கில்கிறிஸ்ட்டின் வீடு அன்று 15, குயின்ஸ் டெரஸ். அது வெஸ்ட் பிரின்சஸ் தெருவின் ஒரு துண்டு. இது தெரியாமல் தேடுபவர் தவறான கதவைப் படம் எடுப்பார்.

1752-க்கு முன்னால் போகிறீர்களா

தேதியிலும் பெயரிலும் மூன்று விஷயம். ஸ்காட்லாந்தில் 1600-லிருந்தே புத்தாண்டு ஜனவரி 1. இங்கிலாந்தில் 1752 வரை மார்ச் 25. ஆகவே 1690 பிப்ரவரி என்று ஸ்காட்லாந்து ஆவணம் சொன்னால் அது 1690-தான், இங்கிலாந்து ஆவணமானால் 1691 ஆகலாம். இரண்டாவது, 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. 1752-ன் அப்பின் கொலை இதில் சரியாக மாட்டிக்கொள்கிறது: கிளெனூரின் காலின் கேம்பல் சுடப்பட்டது மே 14, அதற்காக ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தூக்கிலிடப்பட்டது நவம்பர் 8. முதல் தேதி பழைய நாட்காட்டி, இரண்டாவது புதியது. இடைவெளி நாட்களை எண்ணும்போது 11 கழியுங்கள். மூன்றாவது, நில உடைமையாளரை ஆவணங்கள் நிலத்தின் பெயராலேயே அழைக்கும்; 'கிளெனூர் சொன்னார்' என்றால் ஊர் பேசவில்லை, கேம்பல் பேசுகிறார்.

பணத்தில்: ஸ்காட்லாந்துப் பவுண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ஸ்டெர்லிங் பவுண்டு. மெர்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதுவும் ஸ்காட்லாந்துக் கணக்கில். 100 மெர்க் அபராதம் என்பது ஸ்டெர்லிங்கில் ஐந்தரைப் பவுண்டுக்குச் சற்று மேல். இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயலாதீர்கள். அதே ஆண்டில் ஒரு கூலியாளின் வாரச் சம்பளம் என்ன என்று பக்கத்தில் வையுங்கள், போதும்.

சூனிய வழக்குகளை எழுதுவோருக்கு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்புத் தளம் உண்டு. 1563 சட்டத்திலிருந்து 1736-ல் அது நீங்கும் வரை குற்றம் சாட்டப்பட்ட 3,837 பேரின் விவரம் அதில் சேர்ந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டோர் எண்ணிக்கை அது, எரிக்கப்பட்டோர் எண்ணிக்கை அல்ல. பெரும்பாலான வழக்குகளின் முடிவு பதிவில் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு

1926 வரை ஜூரியின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நீதிமன்றமே கிடையாது. கருணை மனுதான். 1880-களில் ஸ்காட்லாந்து அலுவலகம் பொறுப்பேற்கும்வரை மனுக்கள் லண்டன் உள்துறைக்குப் போயின; அவற்றை லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். பின்னர் வந்தவை எடின்பரோவில், எச்எச்16 தொடரில். நாடுகடத்தப்பட்டவர்களைத் தாஸ்மேனியா, நியூ சவுத் வேல்ஸ் காப்பகங்கள் நன்றாகவே பதிந்து வைத்திருக்கின்றன: உயரம், கண் நிறம், பச்சை குத்தியது, தழும்பு. ஒரு குற்றவாளியின் முகத்தை விவரிக்க நாவலாசிரியரின் கற்பனை தேவையில்லை.

கில்கிறிஸ்ட் கொலைக்காக 1909-ல் தண்டிக்கப்பட்ட ஆஸ்கர் ஸ்லேட்டரின் வழக்கில் தீர்ப்புக்குப் பிந்தைய காகிதமே பெரும் பகுதி. ஜூரியில் ஒன்பது பேர் குற்றவாளி என்றனர், ஐந்து பேர் நிரூபிக்கப்படவில்லை என்றனர், ஒருவர் குற்றவாளி அல்ல என்றார். அவர் மீது சந்தேகம் திரும்பக் காரணமான அடகு நகை, கொலைக்கு ஒரு மாதம் முன்பே அடகுக்குப் போயிருந்தது. கொலையுண்டவரின் நகையே அல்ல. தூக்கு ஆயுளாகக் குறைந்தது, பீட்டர்ஹெட் சிறையில் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் போயின, ஆர்தர் கானன் டாயில் எழுதினார், காவல் அதிகாரி டிரெஞ்ச் உண்மையைப் பேசி 1914-ல் வேலையை இழந்தார், 1928 ஜூலையில் தண்டனை ரத்தானது. ரத்தானதன் காரணத்தைச் சரியாக எழுதுங்கள்: நீதிபதி ஜூரிக்குத் தந்த அறிவுறுத்தல் தவறு என்பது அது. அவர் கொல்லவில்லை என்று நீதிமன்றம் அறிவிக்கவில்லை. அந்த முடிவுக்கு நீங்கள் வரலாம், சான்றும் அதற்கு இடம் தருகிறது. அதை நீதிமன்றத்தின் வாயில் வைக்காதீர்கள்.

எழுதும்போது

பர்க், ஹேர் 1828-ல் கொன்றது 16 பேர் என்று எல்லோரும் எழுதுகிறோம். குற்றப்பத்திரிகையில் இருந்தது மூன்று; விசாரணை நடந்தது ஒன்றுக்கு. மற்றவை பர்க்கின் ஒப்புதலிலிருந்து வந்தவை. 1829 ஜனவரியில் அவன் இரண்டு ஒப்புதல்கள் கொடுத்தான், அதிகாரிகளிடம் ஒன்று, பிறகு செய்தித்தாளில் வெளியானது ஒன்று. கொலைகளின் வரிசை இரண்டிலும் ஒன்றல்ல. ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்துக் கதையை ஓட்டுவது தவறல்ல. தேர்ந்தெடுத்ததைச் சொல்லாமல் ஓட்டுவது தவறு. முரண்படும் சான்றுகளைச் சராசரி எடுக்கவும் கூடாது. ஒருவர் ஏழு மணி என்றார், மற்றவர் எட்டு என்றார் என்பதற்காக ஏழரை என்று எழுதினால் யாருமே சொல்லாத ஒன்றை எழுதுகிறீர்கள். அதோடு, அவர்கள் கல்லறையைத் தோண்டியவர்கள் என்ற பிழையையும் விட்டுவிடுங்கள். ஒரு கல்லறையையும் அவர்கள் தொடவில்லை.

உரையாடலுக்கு ஒரு கண்டிப்பு வையுங்கள்: மேற்கோள் குறிக்குள் இருப்பது ஏதேனும் ஓர் ஆவணத்தில் இருக்க வேண்டும். பிரீகாக்னிஷனிலிருந்து எடுத்தால் மேற்கோள் போடாமல் 'என்று பதிவாகியுள்ளது' என்று எழுதுங்கள். 'அவன் மனம் பதறியது' போன்ற வரிகளைத் தேடிப் பிடித்து நீக்குங்கள். பதறியதைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருந்தால் சாட்சியின் பெயரோடு வையுங்கள்.

இருபதாம் நூற்றாண்டு வழக்கானால் குடும்பங்கள் உயிரோடு இருக்கும். கிளாஸ்கோவின் பாராலேண்ட் நடனக்கூடத்தோடு சேர்த்துப் பேசப்படும் 1968, 1969 கொலைகள் இன்றும் துப்புத் துலங்காதவை. சந்தேக நபர் என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் காட்டும் முன் வழக்குரைஞரிடம் காட்டுங்கள். இறந்தவர் அவதூறு வழக்குப் போட முடியாது, அதனால் அவர் பிள்ளைகளுக்கு வருத்தம் நேராது என்று பொருளல்ல. காப்புரிமையில் ஒரு மூலை: 1969-க்கு முன் இறந்தவர் எழுதி இதுவரை அச்சாகாத கடிதங்கள் பலவற்றுக்கு பிரிட்டனில் 2039 இறுதிவரை காப்புரிமை நீடிக்கிறது. இருநூறு ஆண்டு பழைய கடிதம்தானே என்று முழுதும் அச்சிட்டுவிடாதீர்கள், காப்பகத்திடம் கேளுங்கள்.

கடைசியாகப் பெயர்கள். எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினால் பாதி ஊர்கள் கெட்டுப்போகும். மில்ன்கேவி போல எழுதப்படும் ஊர் 'மல்காய்', கிர்குட்பிரைட் போலத் தெரிவது 'கிர்கூப்ரி', கிளாமிஸ் என்று தோன்றுவது 'கிளாம்ஸ்', மென்சிஸ் என்ற குடும்பப் பெயரைப் பலர் 'மிங்கிஸ்' என்பார்கள். ஒலிப்புப் பட்டியல் ஒன்றை முதல் நாளிலேயே தொடங்கி, அதற்குப் பக்கத்திலேயே மூல எழுத்துக்கூட்டலையும் கோப்பு எண்ணையும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். நகல் மறுபடி கேட்க வேண்டி வரும்போது காப்பகத்துக்குப் புரிவது அந்த எண் மட்டும்தான்.